சிலிக்கான் சிப்பில் உள்ள ஜெர்மானியம் போட்டோடையோடை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபவுண்டரியிலிருந்து (சிப் தயாரிக்கும் ஆலை) வந்த வெற்று சிப், அதில் வேவ்கைடின் (ஒளியைச் சிப்புக்குள் கொண்டுசெல்லும் பாதை) முனையில் ஒரு ஜெர்மானியம் போட்டோடையோடு, அதாவது ஒளியை மின்னோட்டமாக்கும் டையோடு. பேக்கேஜ் எதுவும் இல்லை. இதைப் புரோப் ஸ்டேஷனில் (நுண்ணிய ஊசிகளால் சிப்பைத் தொட்டு அளக்கும் மேடை) வைத்து நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: இருள் மின்னோட்டம் (ஒளியே இல்லாதபோதும் ஓடுவது) எவ்வளவு, ஒரு வாட் ஒளிக்கு எத்தனை ஆம்பியர் (அதாவது ரெஸ்பான்சிவிட்டி), எவ்வளவு ஒளி வரை நேர்கோட்டில் நடக்கிறது, எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை தாங்குகிறது (அதாவது பேண்ட்வித்). இந்த வழிகாட்டி 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்களுக்கானது. சுமார் 1100 நானோமீட்டரைத் தாண்டினால் சிலிக்கான் ஒளியை உறிஞ்சாது. அதனால்தான் ஜெர்மானியம் தேவைப்படுகிறது.

மின்னோட்டத்தை அளப்பது எளிது, நல்ல மீட்டர் இருந்தால் போதும். சிப்புக்குள் உண்மையில் எவ்வளவு ஒளி நுழைந்தது என்று சொல்வதுதான் கடினம். புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. கீழே 6ஆம் படி மற்றவற்றைவிட நீளமாக இருப்பது அதனால்தான்.

வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் இருட்டு, பிறகு ஒளி. முதலில் நேர்மின்னோட்ட அளவீடு, கடைசியில் உயர் அதிர்வெண். ஒவ்வொரு படியின் எண்ணும் அடுத்த படியில் சந்தேகம் வரும்போது கைகொடுக்கும்.

1. தொடங்கும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

அலைநீளத்தை மாற்றக்கூடிய லேசர், போலரைசேஷனை (ஒளி அலை அதிரும் திசை) மாற்றும் மூன்று துடுப்புள்ள கன்ட்ரோலர், ஒளித்திறனைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர், அளவுதிருத்தம் செய்த பவர் மீட்டர். 90க்கு 10 எனப் பிரிக்கும் ஃபைபர் ஸ்ப்ளிட்டர் ஒன்று இருந்தால் அளக்கும்போதே லேசரைக் கண்காணிக்கலாம்.

மின் பக்கத்தில், மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் எஸ்எம்யூ. ஒரு நானோஆம்பியருக்குக் கீழே போக வேண்டுமானால் மூன்றடுக்கு ட்ரையாக்ஸ் கேபிள் தேவை. சாதாரண கோஆக்ஸ் கேபிளின் கசிவே அந்த அளவுக்கு வந்துவிடும். நேர்மின்னோட்டத்துக்கு ஊசிப் புரோப் போதும். பேண்ட்வித் அளக்க கிரவுண்ட்-சிக்னல்-கிரவுண்ட் வகை உயர் அதிர்வெண் புரோப், பயஸ்-டீ (நேர்மின்னழுத்தத்தையும் உயர் அதிர்வெண் சிக்னலையும் ஒரே பாதையில் சேர்ப்பது), லைட்வேவ் காம்பொனன்ட் அனலைசர் (மாடுலேட் செய்த, அதாவது வேகமாக ஏற்றி இறக்கிய ஒளிக்கு டையோடு தரும் பதிலை அதிர்வெண் வாரியாக அளக்கும் கருவி) ஆகியவை வேண்டும்.

வெப்பநிலையை நிலையாக வைக்கும் மேடை, கறுப்புத் துணி, ஃபைபர் முனையைப் பார்க்கும் நுண்ணோக்கி, கனெக்டர் சுத்தம் செய்யும் டேப், உடலைத் தரையோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இந்த டையோடின் மின்தேக்குத்திறன் சில பத்து ஃபெம்டோஃபாரட் மட்டுமே. கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம் அதைக் கொன்றுவிடும். சில சமயம் கொல்லாமல் இருள் மின்னோட்டத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் போகும்; கண்டுபிடிக்கக் கஷ்டமானது அந்த இரண்டாவது வகைதான்.

2. லேயவுட்டை (சிப்பின் வரைபடம்) படித்து, வரவேண்டிய எண்களை முதலிலேயே எழுதுங்கள்

எந்தப் பேட் (புரோப் தொடும் உலோகச் சதுரம்) ஆனோடு, எது கேத்தோடு? பேட் இடைவெளி 100 மைக்ரோமீட்டரா, 150ஆ? கிரேட்டிங் கப்ளர் (ஃபைபரின் ஒளியைச் சிப்புக்குள் இறக்கும் வரிவரியான அமைப்பு) எந்த அலைநீளத்துக்கு, எந்தக் கோணத்துக்கு வரையப்பட்டது? அருகில் லூப்பேக், அதாவது கிரேட்டிங்கில் நுழைந்து இன்னொரு கிரேட்டிங் வழியாக வெளியேறும் சோதனைப் பாதை இருக்கிறதா? இவை தெரியாமல் சிப்பை மேடையில் வைத்தால் பாதி நாள் திசை தேடுவதிலேயே போய்விடும்.

பிறகு மூன்று கணக்குகள். முதலாவது, ரெஸ்பான்சிவிட்டியின் உச்சவரம்பு. அலைநீளத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து 1.24 ஆல் வகுங்கள். 1550 நானோமீட்டருக்கு வாட்டுக்கு 1.25 ஆம்பியர், 1310க்கு சுமார் 1.06. வந்து சேரும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் கிடைக்கும் எண் இது. உங்கள் விடை இதைத் தாண்டினால் ஒளிக்கணக்கு தப்பு. அல்லது டையோடு பெருக்க நிலைக்கு, அதாவது ஒரு ஃபோட்டானுக்குப் பல எலக்ட்ரான் வரும் நிலைக்குப் போய்விட்டது. 1 வோல்ட்டில் சாதாரண டையோடு அப்படிப் போகாது.

இரண்டாவது, கடப்பு நேரம் (மின்சுமைகள் டையோடைக் கடக்க எடுக்கும் நேரம்) விதிக்கும் எல்லை. ஜெர்மானியத்தில் மின்சுமைகளின் உச்ச வேகம் வினாடிக்கு சுமார் 60,000 மீட்டர். மின்புலம் பரவியிருக்கும் பகுதியின் தடிமன் 0.5 மைக்ரோமீட்டர் என்றால், வேகத்தைத் தடிமனால் வகுத்து 0.45 ஆல் பெருக்க, 54 கிகாஹெர்ட்ஸ் வரும்.

மூன்றாவது, மின்தடையும் மின்தேக்குத்திறனும் சேர்ந்து விதிக்கும் எல்லை. அளவுக்கருவியின் 50 ஓம், டையோடின் தொடர் மின்தடை 30 ஓம், மின்தேக்குத்திறன் 20 ஃபெம்டோஃபாரட் என்று வைத்தால் சுமார் 99 கிகாஹெர்ட்ஸ். இரண்டு எல்லைகளின் தலைகீழ் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டலின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் மொத்தம் சுமார் 47 கிகாஹெர்ட்ஸ். கடைசிப் படியில் 12 கிகாஹெர்ட்ஸ் வந்தால் உடனே நின்று யோசிக்க இந்த எண் உதவும்.

3. ஃபைபர் பாதையைச் சுத்தம் செய்து, ஒட்டிவையுங்கள்

லேசரை அணைத்துவிட்டே கனெக்டரைக் கழற்றுங்கள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஃபைபர் முனையை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். நுண்ணோக்கியில் பார்ப்பதும் லேசர் அணைந்திருக்கும்போது மட்டும்.

ஒவ்வொரு கனெக்டரையும் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்து, பிறகே இணையுங்கள். சாய்வாகத் தீட்டிய பச்சை நிறக் கனெக்டரை நேராகத் தீட்டிய நீல நிறத்தோடு இணைத்தால் நடுவே காற்றிடைவெளி விழும். பல டெசிபெல் இழப்பு வரும், முனைகளும் கெடும்.

கன்ட்ரோலருக்கும் சிப்புக்கும் இடையில் உள்ள ஃபைபரை மேஜையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். கிரேட்டிங் கப்ளர் ஒரு போலரைசேஷனுக்கு மட்டுமே வேலை செய்யும். சாதாரண ஒற்றைமோடு ஃபைபரை லேசாக நகர்த்தினாலே போலரைசேஷன் திரும்பிவிடும், மின்னோட்டம் விழும். காரணம் தெரியாமல் ஃபைபரை மறுபடி சீரமைக்கத் தொடங்குவார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பவர் மீட்டரின் அலைநீளத்தை லேசரின் அலைநீளத்துக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்பு பயன்படுத்தியவர் வேறு அலைநீளத்தில் விட்டுப்போயிருக்கலாம்.

4. சிப்பை உட்காரவைத்துப் புரோபை இறக்குங்கள்

சிப்பை வெற்றிட உறிஞ்சலில் பிடித்து, மேடையை 25 டிகிரி செல்சியஸில் வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். வெப்பம் நிலைபெறாமல் ஃபைபரைச் சீரமைத்தால் எல்லாம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

புரோபை முதலில், ஃபைபரைப் பிறகு. புரோப் இறங்கும்போது சிப் ஒரு மைக்ரோமீட்டராவது அசையும். ஃபைபரை முதலில் சீரமைத்திருந்தால் அந்த உழைப்பு வீண்.

புரோப் முனை பேடைத் தொட்ட பிறகு இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். முனை முன்னோக்கிச் சறுக்கி ஒரு கீறல் விழ வேண்டும். 25 முதல் 50 மைக்ரோமீட்டர் சறுக்கல் சரி. அலுமினியப் பேடின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும். கீறல் அதைக் கிழித்தால்தான் நல்ல தொடுகை கிடைக்கும். அதே இடத்தில் நாலைந்து முறை இறக்கினால் உலோகமே உரிந்து வந்துவிடும், ஆகவே முதல் தடவையே கவனமாக.

5. இருட்டில் மின்னோட்ட வளைவை எடுங்கள்

லேசர் அணைந்திருக்கட்டும். எஸ்எம்யூவில் மின்னோட்ட வரம்பை 5 மில்லிஆம்பியருக்கு வையுங்கள். வரம்பு வைக்காமல் முன்னோக்குச் சார்பு (டையோடு எளிதாகக் கடத்தும் திசையில் மின்னழுத்தம்) கொடுத்து டையோடை எரிப்பது மிகப் பழைய விபத்து.

முதலில் முன்னோக்கில் மெதுவாக 1 வோல்ட் வரை. சில நூறு மில்லிவோல்ட்டிலேயே மின்னோட்டம் ஏறத் தொடங்க வேண்டும். ஏறவில்லை என்றால் துருவம் மாறியிருக்கிறது, அல்லது தொடுகை இல்லை. வளைவின் மேல் முனையில் சாய்வைப் பார்த்துத் தொடர் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நூறு ஓம் வந்தால் புரோபைத் தூக்கி மறுபடி இறக்குங்கள். இந்தச் சரிபார்ப்பை இப்போதே செய்யாவிட்டால், பேண்ட்வித் படியில் இதே மோசமான தொடுகை சாதனத்தின் குறையாகத் தெரியும்.

அடுத்து பின்னோக்கில், அதாவது எதிர்த்திசையில், 0 முதல் 2 வோல்ட் வரை, 0.05 வோல்ட் படிகளில். ஒவ்வொரு புள்ளியிலும் மின்வழங்கலின் சில சுழற்சிகளுக்குச் சராசரி எடுக்கும்படி அமையுங்கள். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். நல்ல ஜெர்மானியம் டையோடு 1 வோல்ட்டில் சில நானோஆம்பியரிலிருந்து சில பத்து நானோஆம்பியர் வரை காட்டும்.

இப்போது கறுப்புத் துணியைப் போர்த்தி அதே அளவீட்டை மறுபடி எடுங்கள். எண் குறைந்தால் முதலில் எடுத்தது இருள் மின்னோட்டமே அல்ல, அறை விளக்கின் மின்னோட்டம். ஜெர்மானியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் நன்றாகவே உறிஞ்சும். நுண்ணோக்கியின் வளைய விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எண் பல மடங்கு ஏறும். விளக்கை அணைக்க மறப்பது இந்தப் படியின் முதன்மைப் பிழை.

வெப்பநிலையையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இருள் மின்னோட்டம் இரட்டிக்கும். வெப்பநிலை இல்லாத இருள் மின்னோட்டத்தை இன்னொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

ஓர் இடைக்குறிப்பு. சிலர் இருள் மின்னோட்டத்தைக் குறைப்பதிலேயே உயிரை விடுகிறார்கள். 50 ஓம் சுற்றில் வேகமான டேட்டா வாங்கும் டையோடுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. 1 மைக்ரோஆம்பியர் இருள் மின்னோட்டம் தரும் ஷாட் இரைச்சல் (எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வருவதால் எழுவது), ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு சுமார் 0.57 பிகோஆம்பியர். அந்த 50 ஓமின் வெப்ப இரைச்சலே 18 பிகோஆம்பியர். மைக்ரோவாட்டுக்குக் கீழே உள்ள ஒளியைக் கண்காணிக்கும் டையோடுக்குத்தான் நானோஆம்பியர்கள் கணக்கில் வரும்.

6. லூப்பேக்கில் ஒளி இழப்பை அளங்கள்

ஃபைபரிலிருந்து சிப்புக்குள் நுழையும்போது கிரேட்டிங் கப்ளரில் 3 முதல் 5 டெசிபெல் வரை போய்விடுவது வழக்கம், அதாவது பாதிக்கு மேல். இந்த எண்ணில் 0.5 டெசிபெல் தவறினால் ரெஸ்பான்சிவிட்டி 12 சதவீதம் தவறும். 1 டெசிபெல் தவறினால் 26 சதவீதம். மீட்டரின் பிழை எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

டையோடுக்கு மிக அருகில் உள்ள லூப்பேக்கைத் தேர்ந்தெடுங்கள். சிப்பின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சிலிக்கானின் தடிமனும் செதுக்கல் ஆழமும் சிறிது மாறும். கிரேட்டிங்கின் உச்ச அலைநீளம் அதற்கேற்ப நகரும். அருகருகே மூன்று நான்கு லூப்பேக் இருந்தால் எல்லாவற்றையும் அளங்கள். அவற்றுக்குள் இருக்கும் சிதறல்தான் உங்கள் உண்மையான பிழை எல்லை.

ஃபைபர் அரேயை (பல ஃபைபர்களை வரிசையாகப் பிடித்திருக்கும் கட்டை) சிப்பின் மேல் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். பக்கவாட்டு கேமராவில் ஃபைபரும் சிப்பில் அதன் நிழலுருவும் தெரியும். இரண்டும் நெருங்குவதைப் பார்த்தே இறக்குங்கள். நீண்ட தூரம் நகர்த்தும் முன் எப்போதும் மேலே தூக்குங்கள். இல்லாவிட்டால் ஃபைபர் கிரேட்டிங்கைச் சுரண்டிவிடும்.

உச்சத்தைத் தேட 1 மைக்ரோமீட்டர் படி போதும். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஃபைபர் மோடுக்குப் பக்கவாட்டில் 2.5 மைக்ரோமீட்டர் விலகினால் சுமார் 1 டெசிபெல் இழப்பு. சிப்பின் ஓரத்தில் லென்ஸ் ஃபைபரால் ஒளியை ஊட்டுகிறீர்கள் என்றால் இந்தச் சலுகை கிடைக்காது, அங்கே 0.6 அல்லது 0.7 மைக்ரோமீட்டர் விலகலே 1 டெசிபெல்லைத் தின்றுவிடும்.

வரிசை இப்படி: நிலை, பிறகு போலரைசேஷன், பிறகு அரேயின் சாய்வு, மறுபடி நிலை. அரே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஓர் ஃபைபர் மேலும் மற்றது கீழும் நிற்கும். மொத்த இழப்பு சரியாகவே தெரியும், ஆனால் இரண்டு கிரேட்டிங்கிலும் சமமாகப் பிரிந்திருக்காது. மொத்தத்தைப் பாதியாக்கும் கணக்கு அந்த இடத்தில் உடைகிறது.

உச்சம் கிடைத்ததும் ஒரே ஒரு அலைநீளத்தில் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். முழு ஸ்பெக்ட்ரத்தையும் பதியுங்கள். உச்சம் 1550இல் இல்லாமல் 1538இல் இருக்கலாம். அப்போது 1550 வளைவின் சரிவில் விழும். சிறு நகர்வும் பெரிய பிழையாகும்.

எந்த இடத்தில் ஒளித்திறனை அளந்தீர்கள் என்பதை ஒரு முறை முடிவு செய்து, மாற்றவே மாற்றாதீர்கள். அரேக்கு முன்னால் உள்ள கனெக்டரில் அளந்தால், அரே ஃபைபரின் இழப்பும் கப்ளர் இழப்பாகவே கணக்கில் சேரும். லூப்பேக்கிலும் டையோடிலும் அதே கனெக்டரை வைத்துக்கொண்டால் அதனால் கெடுதல் இல்லை. லூப்பேக்கில் கனெக்டரிலும் டையோடில் ஃபைபர் முனையிலும் அளந்தால்தான் கணக்கு கலங்கும்.

கணக்கு: லூப்பேக்கின் மொத்த இழப்பிலிருந்து வேவ்கைடின் இழப்பைக் கழித்து, மீதியை இரண்டால் வகுங்கள். உதாரணமாக மொத்தம் 9.4 டெசிபெல், நடுவே 2 மில்லிமீட்டர் வேவ்கைடு, சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் இழப்பு என்றால் அது 0.4, மீதி 9.0, ஒரு கப்ளருக்கு 4.5 டெசிபெல்.

சிப்பை நீங்களே வரைகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. டையோடுக்கு முன்னால் ஒளியைப் பாதியாகப் பிரித்து, ஒரு கிளையை டையோடுக்கும் மறு கிளையை வெளியேறும் கிரேட்டிங்குக்கும் கொடுங்கள். அளக்கும் அதே நொடியில் உள்ளே எவ்வளவு ஒளி இருக்கிறது என்று தெரியும். ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் செலவில் இந்தப் படியின் பாதித் தலைவலி தீரும்.

7. டையோடுக்கு மாறி, ஒளியை இறக்குங்கள்

அரேயைத் தூக்கி, நகர்த்தி, டையோடின் கிரேட்டிங் மேல் அதே உயரத்தில் இறக்குங்கள். லூப்பேக்கில் காற்று, இங்கே திரவம் என்று இருக்கக்கூடாது. ஒளிவிலகல் ஈடுசெய்யும் திரவம் போட்டால் இரண்டிலும் போட வேண்டும்.

1 வோல்ட் பின்னோக்குச் சார்பு கொடுத்து, சிப்பில் 100 மைக்ரோவாட் அளவுக்கு ஒளி இருக்கும்படி அட்டென்யுவேட்டரை வைத்து, மின்னோட்டம் உச்சம் தொடும்வரை சீரமையுங்கள். துடுப்புகளைத் திருப்பி உச்சத்தையும் அடிமட்டத்தையும் இரண்டையும் குறியுங்கள். நல்ல கிரேட்டிங்கில் இவற்றுக்கு நடுவே 15 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒளித்திறன் 10 மடங்கு குறைந்தால் மின்னோட்டமும் 10 மடங்குதான் குறையும்; ஒளியைப் பொறுத்தவரை அது 10 டெசிபெல். மின்னோட்ட விகிதத்தின் மடக்கையை 20 ஆல் பெருக்கும் பழக்கத்தில் இதை 20 டெசிபெல் என்று எழுதிவிடுவார்கள்.

வித்தியாசம் 3, 4 டெசிபெல்தான் என்றால் ஒளி வேறு வழியில் நுழைகிறது. உறுதிசெய்ய ஃபைபரைக் கிரேட்டிங்கிலிருந்து 50 மைக்ரோமீட்டர் விலக்கிப் பாருங்கள். அப்போதும் மிச்சமிருக்கும் மின்னோட்டம் சிதறிய ஒளி நேரடியாக ஜெர்மானியத்தில் விழுவதால் வருவது. அது உச்சத்தின் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கிரேட்டிங்குக்கும் டையோடுக்கும் இடைவெளி அதிகமுள்ள வேறு சாதனத்தை அளப்பது நல்லது.

8. ரெஸ்பான்சிவிட்டியைக் கணக்கிடுங்கள்

லேசர் எரிய ஒரு மின்னோட்டம், அணைய ஒரு மின்னோட்டம். இரண்டின் வித்தியாசமே ஒளிமின்னோட்டம். மேலே சொன்ன உதாரணத்தைத் தொடர்ந்தால்: கனெக்டரில் 1 மில்லிவாட், கப்ளர் இழப்பு 4.5 டெசிபெல், ஆக சிப்புக்குள் 0.355 மில்லிவாட். ஒளிமின்னோட்டம் 0.305 மில்லிஆம்பியர். வகுத்தால் வாட்டுக்கு 0.86 ஆம்பியர். உச்சவரம்பான 1.25 ஆல் வகுத்தால் குவாண்டம் திறன் 69 சதவீதம்.

இதோடு நிறுத்த வேண்டாம். கப்ளர் இழப்பின் சிதறல் 0.5 டெசிபெல் என்றால் விடை 0.77க்கும் 0.96க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 0.863 என்று மூன்று தசமம் எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே புள்ளியை மறுபடி எடுங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஃபைபர் நகர்ந்திருக்கிறது. நடுவில் எடுத்தவற்றை நம்ப வேண்டாம்.

9. ஒளியை ஏற்றி, நேர்கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள்

சிப்பில் மைனஸ் 20 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆக வைத்த டெசிபெல் அளவு) முதல் பிளஸ் 5 டிபிஎம் வரை, 1 டெசிபெல் படிகளில். லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்காமல் அட்டென்யுவேட்டரை மட்டும் மாற்றுங்கள். லேசரைத் தொட்டால் அலைநீளமும் கூடவே நகரும். கிரேட்டிங் வளைவின் சரிவில் நீங்கள் நின்றால் அந்த நகர்வே வளைவாகத் தெரியும்.

ஒளியில் பெரும்பகுதி டையோடின் முதல் சில மைக்ரோமீட்டரிலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே குவியும் மின்சுமைகள் மின்புலத்தைத் தாங்களே பலவீனமாக்கும். அதனால் மின்னோட்டம் வளைகிறது. பின்னோக்குச் சார்பைக் கூட்டும்போது வளைவு நிமிர்ந்தால் காரணம் இதுதான்.

நிமிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுற்றில் 100 ஓம் மின்தடை இருந்தால் 3 மில்லிஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். டையோடுக்குக் கிடைப்பது 1 வோல்ட் அல்ல, 0.7தான். 5ஆம் படியில் குறித்த தொடர் மின்தடை இங்கே பயன்படும். சார்பைக் கூட்டியும் நிமிரவில்லை என்றால், சிப்பில் ஒளி 10 மில்லிவாட்டைத் தாண்டும் இடங்களில் சிலிக்கான் வேவ்கைடே இரு-ஃபோட்டான் உறிஞ்சலால் (இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்படுவது) ஒளியை விழுங்குகிறதா என்று சந்தேகியுங்கள்.

10. அலைநீளத்தை ஸ்கேன் செய்யுங்கள்

டையோடின் மின்னோட்ட ஸ்பெக்ட்ரத்தை லூப்பேக்கிலிருந்து கிடைத்த ஒற்றைக் கப்ளர் ஸ்பெக்ட்ரத்தால் புள்ளிக்குப் புள்ளி வகுங்கள். இரண்டின் உச்சமும் ஒரே இடத்தில் இல்லையென்றால் வகுத்த வளைவு ஒரு பக்கம் சாயும். அதை டையோடின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். உண்மையான குணம் 1550க்கு மேலே போகும்போது தெரியும். ஜெர்மானியத்தின் உறிஞ்சல் அங்கே வேகமாக விழும், குட்டையான டையோடில் அது முதலில் காட்டும்.

வளைவில் சீரான அலைகள் தெரிந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள். அலைநீளத்தின் வர்க்கத்தை, குழு ஒளிவிலகல் எண்ணின் இரு மடங்காலும் அலை இடைவெளியாலும் வகுத்தால் எதிரொலிக்கும் நீளம் கிடைக்கும். சிலிக்கான் வேவ்கைடுக்குக் குழு ஒளிவிலகல் எண் சுமார் 4.2. 0.1 நானோமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 2.9 மில்லிமீட்டர், கிரேட்டிங்குக்கும் டையோடுக்கும் உள்ள தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று லேயவுட்டில் பாருங்கள். 60 நானோமீட்டர் அளவுக்கு அகலமான ஒற்றை அலை என்றால் ஃபைபருக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள 20 மைக்ரோமீட்டர் காற்றிடைவெளிதான் குற்றவாளி.

11. பேண்ட்வித்தை அளங்கள்

கருவியை எரியவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். பிறகு அளவுதிருத்தத் தகட்டில் ஷார்ட், ஓப்பன், லோடு, த்ரூ நான்கையும் தொட்டு, அளவீட்டுத் தளத்தைப் புரோப் முனைக்கே கொண்டுவாருங்கள். பயஸ்-டீ பாதையில் இருந்தபடியே இதைச் செய்ய வேண்டும். பிறகு சொருகினால் அதன் இழப்பு டையோடின் தலையில் விழும்.

முதலில் இருட்டில் மின் எதிரொலிப்பை மட்டும் அளங்கள். 0, 1, 2, 3 வோல்ட்டில் எடுத்து, தொடர் மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பொருத்திப் பாருங்கள். இதற்கு ஒளியே வேண்டாம், ஐந்து நிமிட வேலை. 2ஆம் படியில் எழுதிய 20 ஃபெம்டோஃபாரட் இப்போது 60 என்று வந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெரும்பாலும் பேடுகளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்திருக்கும்; டையோடு இல்லாத வெறும் பேட் அமைப்பு சிப்பில் இருந்தால் அளந்து கழியுங்கள்.

அடுத்து மாடுலேட் செய்த ஒளி. சராசரி ஒளிமின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் உயர் அதிர்வெண்ணில் சிக்னல் இரைச்சலில் மூழ்கும். அதற்காக ஒளியைக் கூட்டும் எர்பியம் பெருக்கி போட்டால் அதன் பின்னால் குறுகிய பட்டை வடிகட்டி கட்டாயம். பெருக்கியின் பரந்த பின்னணி ஒளியும் மின்னோட்டமாக மாறும்; மீட்டரில் 100 மைக்ரோஆம்பியர் தெரியும், அதில் மாடுலேட் ஆனது பாதிகூட இருக்காது.

3 டெசிபெல் புள்ளியைப் படிக்கும் இடத்தில் இரண்டு பிழைகள். ஒன்று, தொடக்கப் புள்ளி. மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மின்புலம் எட்டாத பகுதியிலிருந்து மெதுவாக ஊர்ந்துவரும் மின்சுமைகள் ஒரு சிறு மேட்டைக் காட்டலாம். அந்த மேட்டை 0 டெசிபெல் என்று வைத்தால் பேண்ட்வித் குறைவாக வரும். மறைத்தாலோ உண்மையான ஒரு குறை மறையும். வளைவை முழுதாகக் காட்டி, எந்தப் புள்ளியை 0 ஆக எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு, எந்த டெசிபெல். மின்திறன் பாதியாகும் இடம் ஒன்று. மின்னோட்டம் பாதியாகும் இடம் இன்னொன்று, அது மின் அளவில் 6 டெசிபெல். பெரிய எண் வேண்டும் என்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். முதலாவதைச் சொல்லுங்கள்.

வளைவில் சீரான நெளிவு இருந்தால் அது கேபிளில் எதிரொலி. 1 மீட்டர் கேபிள் என்றால் நெளிவின் இடைவெளி சுமார் 100 மெகாஹெர்ட்ஸ்; 10 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1 கிகாஹெர்ட்ஸ். இடைவெளியே எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். ஸ்மூத்திங் போட்டு மறைப்பதற்கு முன் அந்த இணைப்பை முறுக்குங்கள்.

கடைசியாக இரண்டு ஒப்பீடுகள். 1 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட்டுக்கு ஏற்றும்போது பேண்ட்வித் ஏறினால், 1 வோல்ட்டில் மின்புலம் போதவில்லை. ஒளியைக் குறைக்கும்போது ஏறினால், 9ஆம் படியில் பார்த்த மின்சுமைக் குவிப்பு இங்கேயும் வேலை செய்கிறது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எதிரொலிப்பிலிருந்து எடுத்த மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பாருங்கள், எல்லை அங்கேதான்.

12. எண் உதைத்தால் எங்கே பார்ப்பது

ரெஸ்பான்சிவிட்டி 1.25ஐத் தாண்டியது: கப்ளர் இழப்பை அதிகமாக மதிப்பிட்டிருக்கிறீர்கள். லூப்பேக்கில் போலரைசேஷனை உச்சத்துக்குக் கொண்டுவராமல் விட்டதே வழக்கமான காரணம். அப்போது இழப்பு பெரிதாகத் தெரியும், டையோடு அநியாயத்துக்கு நல்லதாகிவிடும். பவர் மீட்டரின் அலைநீள அமைப்பையும் பாருங்கள்.

மின்னோட்டம் மெதுவாகச் சரிகிறது: ஃபைபரை ஒரு மைக்ரோமீட்டர் அசைத்துப் பாருங்கள். திரும்ப ஏறினால் நிலை நகர்வு. ஏறவில்லை என்றால் துடுப்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஸ்ப்ளிட்டரின் கண்காணிப்புக் கிளையில் லேசரே இறங்குகிறதா என்று பாருங்கள்.

இருள் மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது: துணி, விளக்கு, வெப்பநிலை, கேபிள் என்ற இந்த வரிசையில் தேடுங்கள். நான்கும் சரியாக இருந்து, எண் நேற்றைவிடப் பத்து மடங்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால் நிலைமின்சாரம் டையோடைத் தொட்டிருக்கிறது. அந்தச் சாதனத்தை லேயவுட்டில் சிவப்பால் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதன் பேண்ட்வித் சரியாகவே வரலாம், ஆனால் இருள் மின்னோட்டத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

மின்னோட்டமே வரவில்லை: ஃபைபரைக் குறைசொல்லும் முன் நுண்ணோக்கி விளக்கை ஏற்றுங்கள். விளக்குக்கு மின்னோட்டம் ஏறினால் டையோடும் புரோபும் உயிரோடு இருக்கின்றன. பிரச்சினை ஒளிப் பாதையில். ஏறவில்லை என்றால் 5ஆம் படிக்குத் திரும்பி முன்னோக்கு வளைவை மறுபடி எடுங்கள்.